சர்வர் சொன்ன இரண்டாவது கோடு

அத்தியாயம் பதினொன்று

"கையெழுத்துப் போட மாட்டேன்னா போட மாட்டேன்தான்" என்றாள் அம்மா. இஸ்திரிப் பெட்டி ஒரு வெள்ளைச் சட்டையின் காலரில் ஏறி இறங்கியது. "மூணு மணிக்கு அவங்க முன்னாடி நின்னு இதையேதான் சொல்லப் போறேன். அதுக்கு எதுக்குடி வரைபடம், கலர் பிரிண்ட்டு எல்லாம்?"

"நீ சொல்றது கோபம்மா. கோபத்தை ஃபைல்ல கோர்க்க முடியாது" என்றாள் பெரியவள், லேப்டாப்பிலிருந்து கண்ணை எடுக்காமல்.

கால்வாயின் இடது கரையில் வரிசையாக இருபத்தேழு வீடுகள். அதில் பதினாறாவது அம்மாவுடையது. கீழே சலவைக்கடை, மேலே இரண்டு அறை. இரண்டு மாதத்துக்கு முன்பு நகர அலுவலகத்தின் நோட்டீஸ் வந்து ஒவ்வொரு கதவிலும் ஒட்டிக்கொண்டது. கரையோரம் கட்டடம் கூடாதென்று ஒதுக்கிய கால்வாய்க் காப்பெல்லைக்குள் வீடு வருகிறது, சம்மதம் எழுதிக் கொடுத்துவிட்டுக் காலி செய்ய வேண்டும், ஆட்சேபம் இருந்தால் பொது விசாரணையில் சொல்லலாம். பதினொரு வீட்டுக்காரர்கள் பயந்துபோய் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அம்மா நோட்டீஸைப் பிய்த்து, அதன் பின்பக்கத்தில் 'இன்று கடை உண்டு' என்று கொட்டை எழுத்தில் எழுதி, அதே கதவில் திருப்பி ஒட்டினாள்.

அந்த விசாரணைதான் இன்றைக்கு.

பெரியவளுக்குத் தொழிலே வரைபடம். பிரவுசரில் திறக்கிற வரைபடப் பக்கங்களுக்கு நிரல் எழுதிக் கொடுப்பவள். தெருவுக்காகவும் ஒரு பக்கம் எழுதியிருந்தாள். நகர அலுவலகத்தின் வரைபட சர்வரிலிருந்து காப்பெல்லையின் சிவப்புக் கோட்டை வாங்கி, எந்த வீட்டை எங்கே வெட்டுகிறது என்று அது காட்டும். பதினாறாம் எண் வீட்டில் கோடு அடுப்படியைத் தாண்டி, கடைக்குள் புகுந்து, இஸ்திரி மேஜைக்கு அந்தப் பக்கம் போய் நின்றது.

இன்று காலை அவளுக்கு வேண்டியிருந்தது சின்ன விஷயம். பிரிண்ட் எடுக்கப் போகும் படத்தின் அடியில் 'மூலம்', 'தேதி' என்று இரண்டு வரி. அதைத் தானே டைப் செய்யாமல் சர்வரிடமே கேட்டு வாங்குவது அவள் வழக்கம். எந்த வரைபட சர்வரிடமும் ஒரு பொதுக் கேள்வி கேட்கலாம்: உன்னிடம் என்னென்ன இருக்கிறது? கேட்டால் தன் பெயர், தன்னைக் கவனித்துக்கொள்பவர் விவரம், தன்னிடமுள்ள படங்களின் பெயர், ஒவ்வொன்றின் வரலாறும் எங்கே கிடைக்கும் என்பது வரை நீளமாக ஒப்பிக்கும். மெட்டாடேட்டா என்பார்கள். மருந்துப் பெட்டிக்குள் பொடி எழுத்தில் மடித்து வைத்திருக்கும் காகிதம் மாதிரி, எப்போதும் இருக்கும், யாரும் படிப்பதில்லை.

நிரலில் நாலு வரி சேர்த்து ஓட்டினாள். பட்டியல் வரவில்லை. சிவப்பு எழுத்தில் மறுப்புதான் வந்தது.

"முடியாதுங்குது" என்று முணுமுணுத்தாள்.

"யாரு?"

"பிரவுசர்."

"அதுவும் நகர ஆபீஸ்லதான் வேலை பாக்குதா?"

பெரியவள் சிரித்துவிட்டாள். விஷயம் அவளுக்குத் தெரிந்ததுதான். ஒரு பக்கத்தில் ஓடும் நிரல், வேறொருவர் சர்வரிலிருந்து படத்தை வாங்கிக் காட்டினால் பிரவுசர் கண்டுகொள்ளாது. எழுத்தை வாங்கிப் படிக்கப் போனால் குறுக்கே கையை நீட்டும். அந்த சர்வரே 'பரவாயில்லை, படிக்கட்டும்' என்று முன்கூட்டியே சொல்லியிருந்தால்தான் விடும். நகர அலுவலகத்தின் சர்வர் அப்படி எதையும் சொல்லியிருக்கவில்லை. தடை நிரலுக்குத்தான், மனுஷிக்கு இல்லை. அதே கேள்வியைப் பிரவுசரின் முகவரிப் பட்டையில் நேராக ஒட்டித் தட்டினாள்.

சர்வர் மறுபேச்சில்லாமல் பட்டியலை அவிழ்த்துவிட்டது.

தெரு விளக்குகள். வடிகால்கள். மரங்கள். 'கால்வாய்க் காப்பெல்லை'. அதற்கு அடுத்த வரியில் இன்னொன்று: 'கால்வாய்க் காப்பெல்லை - முந்தையது'.

பெரியவளின் விரல் நின்றது. அலுவலகத்தின் பொதுப் பக்கத்தில் இப்படி ஒன்று கிடையாது. அங்கே ஒரே கோடுதான். ஆனால் சர்வர் தன்னிடம் இரண்டு இருப்பதாகச் சொல்கிறது. அந்த இரண்டாவதைத் தா என்று கேட்டாள். தந்தது. கோடு கால்வாய்க்கும் வீடுகளுக்கும் நடுவே, துணி காயப்போடும் கம்பிகளுக்கு வெளியே, ஒரு வீட்டையும் தொடாமல் போயிற்று.

சும்மா இருக்க முடியாமல் அந்த வரிகளுக்குக் கீழே இருந்த லிங்க்கையும் திறந்தாள். கோடு எப்படி உருவானது என்ற தலைப்பில் ஒரு பத்தி.

'முந்தைய எல்லை: இரு கரையிலும் பன்னிரண்டு மீட்டர். கள அளவை செய்யப்பட்டது. தற்போதைய எல்லை: வலக்கரை நான்கு, இடக்கரை இருபது மீட்டர். வாய்மொழி அறிவுறுத்தலின்படி கோடு நகர்த்தப்பட்டது. கள அளவை செய்யப்படவில்லை. எழுத்து மூலமான உத்தரவு கேட்கப்பட்டது, தரப்படவில்லை.'

வலது கரையில் இப்போது குளிர்பதனக் கிடங்கு ஒன்றுக்கு அஸ்திவாரம் தோண்டிக்கொண்டிருக்கிறார்கள். கால்வாய் இருந்த இடத்தில்தான் இருக்கிறது. கோடுதான் எட்டு மீட்டர் இந்தப் பக்கம் நடந்து வந்திருக்கிறது.

பத்தியின் அடியில் எழுதியவரின் பெயரும் பதவியும் தேதியும். தேதி நான்கு மாதத்துக்கு முந்தையது. பெயரை அவள் மூன்று முறை படித்தாள். தங்கையின் கணவர். இந்த வீட்டு மாப்பிள்ளை.

"என்னடி, மூஞ்சி இப்படிச் செத்துப் போச்சு?" என்றாள் அம்மா.

"ஒண்ணும் இல்ல. நீ ரெண்டரைக்கு நேரா ஹாலுக்கு வந்துடு. நான் டிப்போ வரைக்கும் போய்ட்டு வரேன்."

சின்னவள் நகரப் பேருந்து ஓட்டுகிறாள். பெரியவள் போனபோது டிப்போ ஓய்வறையில் ஷூவைக் கழற்றிவிட்டு, எதிர் நாற்காலியில் காலை நீட்டி, டப்பாவில் இருந்த மதியச் சாப்பாட்டைப் பாதி முடித்திருந்தாள். அக்காவின் முகத்தைப் பார்த்ததும் டப்பாவை மூடினாள்.

"அம்மாவுக்கு ஏதாவது?"

"அம்மாவுக்கு ஒண்ணும் இல்ல. இதைப் படி."

சின்னவள் போனை வாங்கிப் படித்தாள். படித்து முடித்த பிறகும் திருப்பித் தரவில்லை.

நகர அலுவலகத்தின் வரைபடப் பிரிவில் அவள் கணவருக்கு ஏழு வருஷ வேலை. யார் எதைச் சொன்னாலும் தலையாட்டும் மனிதர். கல்யாணத்தன்று மாலையை யாரோ தலைகீழாகப் போட்டுவிட்டபோதுகூட வாய் திறக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். அன்றிலிருந்து அம்மா அவருக்கு வைத்த பெயர் வாயில்லாப்பூச்சி. நோட்டீஸ் வந்த பிறகு, ஆபீஸில் இருந்துகொண்டு ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லக்கூடாதா என்று அம்மா முகத்துக்கு நேராகவே கேட்டுவிட்டாள். அவர் தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டார்.

"நாலு மாசம்" என்றாள் சின்னவள். "ஒரே வீட்டுல இருக்கேன். எங்கிட்ட மூச்சு விடலை."

"பயந்திருப்பார்."

"பயந்தவர் எதுக்கு எழுதி வைக்கணும்? பேரையும் போட்டு?"

பெரியவள் எட்டிப் பார்த்து அந்தப் பெயரை இன்னொரு முறை படித்தாள்.

"இதைக் காட்டினா அவர் வேலை போகும்" என்றாள் சின்னவள்.

"ஆமா."

"காட்டலைன்னா வீடு போகும். இருபத்தேழும்."

"ஆமா."

"அப்ப எங்கிட்ட எதுக்கு வந்தே? நீ எப்பவும் முடிவு பண்ணிட்டுத்தானே கேக்க வருவே. இஞ்சினியரிங் சேர்ந்தப்பவும் அப்படித்தான், அப்பாவோட ஆபரேஷனுக்கும் அப்படித்தான். எல்லாம் முடிஞ்ச பிறகு, 'உன்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்'னு வந்து நிப்பே."

குத்தியது. குத்த வேண்டிய இடத்தில்தான் குத்தியது. பெரியவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இந்தத் தடவை முடிவு பண்ணலை" என்றாள். "நீ வேண்டாம்னா, பழைய கோடு இருக்குன்னு மட்டும் சொல்லிட்டு உக்காந்துடறேன். இந்தப் பத்தியை நான் தொட மாட்டேன்."

"பத்தி இல்லாம கோட்டை மட்டும் காட்டினா என்ன சொல்வாங்க?"

"பழசு, காலாவதி ஆனதுன்னு தள்ளிடுவாங்க."

சின்னவள் கணவருக்கு போன் போட்டாள். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. மறுபடி போட்டாள். வெளியே ஒரு பேருந்து ரிவர்ஸ் எடுக்கும் சத்தம் விட்டுவிட்டுக் கேட்டது. மூன்றாவது முறை போடாமல் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

"அந்த மனுஷன் இதை எழுதினப்ப யாராவது படிக்கணும்னுதானே எழுதியிருப்பார்" என்றாள். தன்னிடமே சொல்லிக்கொள்வது போல இருந்தது. "நாலு மாசமா ஒரு ஆள் படிக்கலை. நீதான் முதல்ல படிச்சிருக்கே."

"அப்படித்தான் தோணுது."

"காட்டு. ஆனா அவர் பேரை உன் வாயால சொல்லக் கூடாது. உன் லேப்டாப்லயும் காட்டக் கூடாது, நீயே ஜோடிச்சதுன்னு சொல்லுவாங்க. அவங்க ஆபீஸ் கம்ப்யூட்டர்ல, அவங்க சர்வரே சொல்லட்டும்."

"அதைத்தான் நானும் யோசிச்சேன்."

"யோசிச்சிருப்பே" என்றாள் சின்னவள், ஷூவுக்குள் காலை நுழைத்துக்கொண்டே. "எனக்கு மூணரை வரைக்கும் டிரிப் இருக்கு. முடிச்சிட்டு வரேன். அதுவரைக்கும் அவரை யாரும் கரிச்சுக் கொட்டாம பாத்துக்கோ. முக்கியமா அம்மா."

விசாரணை நகர அலுவலகத்தின் இரண்டாம் மாடி ஹாலில். நாலு வரிசை பிளாஸ்டிக் நாற்காலி, தொட்டால் கீச்சென்று கத்தும் மைக், சுவரில் வெள்ளைத் திரை. மேடையில் விசாரணை அதிகாரி. கழுத்தில் தொங்கும் கண்ணாடியைப் படிக்கும்போது மட்டும் மாட்டிக்கொள்ளும், சிரிப்பே வராத அம்மையார். அவருக்கு வலது பக்கம் வரைபடப் பிரிவின் தலைவர். இடது பக்கம், திரையோடு இணைத்த கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்ததும் பெரியவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

மாப்பிள்ளை. அவர்தான் இன்றைக்குக் கம்ப்யூட்டரை இயக்கப் போகிறவர்.

"நம்ம பூச்சி இங்க என்ன பண்ணுது?" என்று அம்மா காதோடு கேட்டாள்.

"அவர் வேலையைப் பாக்கறார். நீ கொஞ்சம் சும்மா இரும்மா."

"நான் சும்மாதான் இருக்கேன். அந்தத் தலைவர் சட்டையைப் பாரு. காலைல நான் தேச்சுக் குடுத்தது. காலர் நிக்கற நிப்பைப் பாத்தியா?"

பெரியவள் பிரிண்ட் எடுத்து வந்த தாளைத் தெருக்காரர்களுக்குக் கொடுத்தாள். இரண்டு கோடும் ஒரே படத்தில். அடியில் 'மூலம்' என்ற இடத்தில், போன் கேமராவைக் காட்டினால் திறந்துகொள்ளும் கட்டம் போட்ட சதுரம். அதற்குள் சர்வரில் அந்தப் பத்தி இருக்கும் முகவரி. "எல்லாரும் உங்க போன்லயே திறந்து பாருங்க. திறந்ததை சேவ் பண்ணி வெச்சுக்கோங்க. எங்க முறை வர்ற வரைக்கும் அதைப் பத்திப் பேச வேண்டாம்" என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டே போனாள்.

முதல் பதினைந்து வீடுகளும் ஒரே மாதிரி முடிந்தன. வந்தவர் அழாத குறையாகப் பேசுவார், பிரிவுத் தலைவர் திரையைக் காட்டுவார், கோடு உள்ளே இருக்கிறது என்பார், அடுத்தவர் வருவார். ஹாலின் சுவர்க் கடிகாரம் மூன்றே முக்காலைத் தொட்டபோது பதினாறாம் எண்ணைக் கூப்பிட்டார்கள்.

அம்மா மைக்கைத் தள்ளி வைத்தாள். அவளுக்கு அது தேவையில்லை.

"வீடு என்னோடது. கையெழுத்துப் போட மாட்டேன். மிச்சத்தை என் பொண்ணு சொல்லுவா."

பெரியவள் எழுந்தாள். "மேடம், திரையில காட்டற கோடு எந்தத் தேதியில போட்டதுன்னு நான் தெரிஞ்சுக்கலாமா?"

"கோடு கோடுதான்" என்றார் பிரிவுத் தலைவர். "எங்ககிட்ட இருக்கறது ஒரே கோடு."

"உங்க சர்வர் ரெண்டு இருக்குன்னு சொல்லுதுங்க."

ஹாலில் சலசலப்பு. அதிகாரி கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "சர்வர் எப்படிச் சொல்லும்?"

"என்னென்ன வெச்சிருக்கேன்னு கேட்டா சொல்லும் மேடம். உங்க கம்ப்யூட்டர்லயே கேட்டுப் பாக்கலாம். ஒரு முகவரி போடணும், அவ்வளவுதான்."

"இதை அனுமதிக்கக் கூடாது" என்று தலைவர் பாதி எழுந்தார். "இந்த அம்மா நிரல் எழுதறவங்க. எங்க சர்வருக்குள்ள புகுந்திருக்காங்க. இது ஊடுருவல்."

"வாசல்ல நின்னு, 'வீட்டுல யாரு இருக்கீங்க'ன்னு குரல் குடுத்தேன். உள்ளேர்ந்து பதில் வந்துச்சு. பூட்டை நான் தொடவே இல்லை. இந்தக் கேள்விக்கு பாஸ்வேர்டும் கிடையாது. உலகத்துல யார் கேட்டாலும் அதே பதில்தான். சந்தேகம்னா நீங்களே கேளுங்க, நான் ஒரு பட்டனைக்கூடத் தொட மாட்டேன்."

அதிகாரி ஒரு கணம் இருவரையும் பார்த்தார். பிறகு கம்ப்யூட்டர் பக்கம் திரும்பி, "போடுங்க" என்றார்.

பெரியவள் மாப்பிள்ளையைப் பார்த்தாள். அவர் இவளைப் பார்க்கவில்லை. கீபோர்டில் கை வைத்தபடி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். நெற்றி ஓரத்தில் வியர்வை. ஒரு எழுத்தைத் தப்பாகத் தட்டினால் போதும், பக்கம் இல்லை என்று வந்துவிடும். ஏழு வருஷ வேலை பிழைத்துக்கொள்ளும். அவரை யாரும் குற்றம் சொல்லவும் முடியாது.

அவள் முகவரியைச் சொல்ல ஆரம்பித்தாள். முதல் சொல்லைத்தான் சொன்னாள். அவர் விரல்கள் அதற்குள் மிச்சத்தைத் தட்டி முடித்திருந்தன.

திரை முழுக்க எழுத்து கொட்டியது. அவர் தானாகவே நிதானமாகக் கீழே நகர்த்தி, சரியான இடத்தில் நிறுத்தினார். இரண்டு வரி. 'கால்வாய்க் காப்பெல்லை'. 'கால்வாய்க் காப்பெல்லை - முந்தையது'.

"முந்தையதுன்னு அதுலயே போட்டிருக்கே" என்றார் தலைவர். குரல் மட்டும் கொஞ்சம் தேய்ந்திருந்தது. "பழசு. செல்லாது. அழிக்க விட்டுப்போச்சு."

"எதனால செல்லாதுன்னும் அதுக்குக் கீழே லிங்க் இருக்கு மேடம்" என்றாள் பெரியவள்.

யாரும் சொல்லாமலே மாப்பிள்ளை அதைத் திறந்தார்.

பெரியவள் படிக்கவில்லை. தங்கைக்கு வார்த்தை கொடுத்திருந்தாள். படித்தது அம்மா. திரைக்குப் பக்கத்தில் போய் நின்று, கடைக்கு வரும் துணிச் சீட்டைப் படிக்கிற அதே உரத்த குரலில் ஒவ்வொரு சொல்லாகப் படித்தாள். வாய்மொழி அறிவுறுத்தல். கள அளவை செய்யப்படவில்லை. எழுத்து மூலமான உத்தரவு கேட்கப்பட்டது, தரப்படவில்லை. பின் வரிசையில் யாரோ ஒரு பெண், "அடப்பாவிங்களா" என்றாள். அம்மா பத்தியின் கடைசிக்கு வந்தாள். எழுதியவர் பெயர் இருந்த இடத்தில் அவள் குரல் தடுக்கியது.

திரும்பி மாப்பிள்ளையைப் பார்த்தாள். அவர் இப்போதுதான் முதல் தடவையாகத் தலையை நிமிர்த்தினார்.

"நீங்களா?" என்றாள் அம்மா.

"ஆமா அத்தை."

"நாலு மாசமாவா?"

"ஆமா."

"ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை என் வீட்டுல உக்காந்து சாப்பிட்டீங்களே. நான் என்னவெல்லாம் பேசினேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"வாயால சொன்னதை வெச்சுத்தான் அத்தை கோட்டையே நகத்தினாங்க. நானும் வாயால சொன்னா யார் நம்புவா? எழுத்துல இருக்கட்டும்னு நினைச்சேன்."

பிரிவுத் தலைவர் மேஜையைத் தட்டினார். "பாத்தீங்களா மேடம். இவர் அந்த வீட்டு மாப்பிள்ளை. குடும்பமே சேர்ந்து ஜோடிச்சிருக்கு. இந்தப் பதிவை ஏத்துக்கவே கூடாது."

"உறவுன்னு ஆபீஸுக்குத் தெரியுமா?" என்று அதிகாரி மாப்பிள்ளையிடம் கேட்டார்.

"நோட்டீஸ் போன அன்னிக்கே எழுதிக் குடுத்தேன் மேடம். என்னை இந்த வேலையிலேர்ந்து மாத்துங்கன்னு கேட்டேன். மாத்தலை. அந்தக் கடிதமும் ஃபைல்ல இருக்கும். பதிவை எழுதினது அதுக்கும் ரெண்டு மாசம் முன்னாடி. வீட்டைக் காலி பண்ணச் சொல்லுவாங்கன்னு அப்போ எனக்குத் தெரியாது. கோடு தப்புன்னு மட்டும் தெரியும்."

தலைவர் தன் உதவியாளரை நோக்கிக் கண்ணைக் காட்டினார். உதவியாளர் போனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போனார். அவர் எதற்குப் போகிறார் என்று பெரியவளுக்குப் புரிந்தது. தடுக்க வழியில்லை. இரண்டு நிமிடம் கூட ஆகவில்லை. மாப்பிள்ளை பட்டியலுக்குத் திரும்பிப் போக ஒரு தட்டு தட்டியதும் திரையில் இருந்த பத்தி மறைந்தது. மறுபடி தட்டிப் பார்த்தார். சர்வரிடமிருந்து பதில் இல்லை என்று ஒரு வெள்ளைப் பக்கம்.

"பராமரிப்பு வேலை நடக்குது" என்றார் தலைவர். தண்ணீர் குடித்தார். "இல்லாத பதிவைப் பத்தி விசாரிக்க முடியாது மேடம். நாம எல்லாரும் ஏதோ பாத்தோம்னு வாயால சொல்லிக்கலாம், அவ்வளவுதான்."

சிலர் தலைவரையும் அந்த வெள்ளைப் பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்தார்கள். பிறகு மூன்றாம் வீட்டுத் தையல்காரி எழுந்து போனைத் தூக்கிப் பிடித்தாள்.

"எங்கிட்ட இருக்கு மேடம். சேவ் பண்ணியிருக்கேன். நேரமும் விழுந்திருக்கு, மூணு பத்து."

"எங்கிட்டயும்" என்றார் இருபத்தோராம் வீட்டு எலக்ட்ரீஷியன். அவர் ஏற்கெனவே சம்மதக் கையெழுத்துப் போட்டவர்.

ஒவ்வொருவராக எழுந்தார்கள். கையெழுத்துப் போட்டவர்கள், போடாதவர்கள், கணவன் மனைவியாக வந்தவர்கள். யாரும் கத்தவில்லை. போன் பிடித்த கைகள் மட்டும் ஒன்றன் பின் ஒன்றாக மேலே போயின. பிளாஸ்டிக் நாற்காலிகள் தரையில் உரசும் சத்தம் வெகுநேரம் ஓயவில்லை.

அதிகாரி பதிவு எழுதும் குமாஸ்தாவிடம், "எத்தனை பேர்னு எண்ணி எழுதுங்க" என்றார். பிறகு மாப்பிள்ளை பக்கம் திரும்பினார். "வாய்மொழியா சொன்னாங்கன்னு எழுதியிருக்கீங்க. சொன்னது யாரு? உங்க தலைவரா?"

"பதில் சொல்றதுக்கு முன்னாடி நல்லா யோசிச்சுக்கோ" என்றார் தலைவர், தணிந்த குரலில். "நாளைக்கு எந்த மூஞ்சியோட ஆபீஸுக்குள்ள வருவே?"

"இதே மூஞ்சிதான் சார். வேற இல்லை."

எங்கிருந்தோ சிரிப்பு வெடித்தது. பின்பக்கக் கதவருகே ஓட்டுநர் சீருடையோடு சின்னவள் நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று யாருக்கும் தெரியாது. கன்னம் நனைந்திருந்தது, ஆனாலும் சிரித்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை அவளைப் பார்த்துவிட்டு எழுந்து நின்றார். ஒல்லி உடம்பு. எழுந்து நின்றதும் கொஞ்சம் உயரமாகத் தெரிந்தார்.

"தலைவர் இல்லை மேடம்" என்றார். "அவர் பக்கத்துல நின்னார். அவர் ரூம்லதான் நடந்துது. ஆனா ஸ்கேலை என் திரைமேல வெச்சு, 'இங்கேர்ந்து இங்க நகத்து'ன்னு சொன்னது வேற ஆள்."

"பேர்?"

"எல்லார் முன்னாடியும் சொன்னா இங்கயே கைகலப்பு ஆயிடும். ஒரு தாள் குடுங்க. எழுதித் தரேன். கையெழுத்தும் போடறேன்."

அம்மா தன் கைப்பையிலிருந்து, சம்மதக் கையெழுத்துக்கு இரண்டு மாதமாக வெளியே எடுக்காத பேனாவை எடுத்து நீட்டுவாள் என்று பெரியவள் நினைத்தாள். அம்மா அப்படிச் செய்யவில்லை. மேடை ஏறிப் போய் மாப்பிள்ளையின் நாற்காலிக்குப் பக்கத்தில், பிரிவுத் தலைவருக்கும் அவருக்கும் நடுவே, இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"எழுதுங்க" என்றாள். "மெதுவா, பிழையில்லாம எழுதுங்க."

குமாஸ்தாதான் தாளும் பேனாவும் கொடுத்தார். மாப்பிள்ளை இரண்டே வரி எழுதினார். தேதி போட்டார், கையெழுத்துப் போட்டார், நான்காக மடித்து அதிகாரியிடம் தந்தார்.

அதிகாரி பிரித்துப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு இன்னொரு முறை படித்தார். பிரிவுத் தலைவர் எட்டிப் பார்க்க முயன்றபோது தாளைக் கவிழ்த்து, அதன் மேல் உள்ளங்கையை வைத்தார். பிறகு அவர் பார்வை தலைவரை விட்டுவிட்டு, மேடையை விட்டுவிட்டு, தெருக்காரர்கள் நிற்கும் வரிசைகளின் மேல் யாரையோ தேடுவது போல மெல்ல நகர்ந்தது.

"பின்னால நிக்கறவங்க" என்றார். "அந்தக் கதவைச் சாத்துங்க. நான் சொல்ற வரைக்கும் யாரும் வெளிய போக வேண்டாம்."

சின்னவள் கதவைச் சாத்தினாள். சாத்திய கதவின் மேல் முதுகை வைத்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

பெரியவள் திரும்பிப் பார்த்தாள். பத்து வருஷமாகத் தெரிந்த முகங்கள். எல்லாருடைய கையும் இன்னும் மேலேதான் இருந்தது. மூன்றாவது வரிசையில் ஒரு கை மட்டும், போனோடு, மெதுவாக இறங்கியது.